குளக்கரையில் பறவை எண்ணியவர்

என் மகளைக் குளத்திலிருந்து மீட்டவர் பனியன் கம்பெனி அயர்ன் மாஸ்டர். மணிக்கட்டெல்லாம் சூட்டுத் தழும்பு. தூத்துக்குடிக் கடற்கரையில் பறவை பார்த்த பழக்கம், இங்கும் ஷிப்டுக்கு முன் குளக்கரையில் நிற்பார். அட்டைத்துண்டில் பனியன் கணக்குப் போலவே ‘உள்ளான் குருவி ஆறு டஜன், நாலு பீஸ்’ என்று குறிப்பார்.

குளத்தில் எப்படி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் மகள் வாய் திறக்கவில்லை. அதனால் அவரைத் தேடிப் போனேன்.

“பறவையெல்லாம் ஒண்ணா எந்திச்சுதுக்கா. பருந்துன்னு நெனச்சு மேலயே பாத்துட்டு நின்னுட்டேன். பொறவுதான் தண்ணியப் பாத்தேன்.”

“அதுக்கு முன்னால உங்ககிட்ட ஏதாச்சும் பேசுனாளுங்களா?”

தலைகுனிந்தார். “மணி கேட்டா. எட்டுன்னேன். ‘அம்மா வேலைக்குப் போயிருக்கும்’னா.”

அதை அவர் மறைத்திருக்கலாம். ஏன் சொன்னார் என்று இன்றும் விளங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு மகளருகிலேயே இருக்கிறேன். வாரம் தவறாமல் அவர் போன் செய்கிறார்.

“பிள்ள பேசுதாளாக்கா?”

“இல்லீங்க.”