ஏழாவது பொட்டலம்

சென்ற புரட்டாசி பதினான்காம் தேதி, காலை பத்தரை மணி, மழை விட்டுச் சுள்ளென்று வெயில். ஒரத்தநாட்டுக் கொள்முதல் நிலைய வாசலில் என் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. கிளறிவிட ஆறு ஆட்கள். ஏழாவதாக, காலாண்டு விடுமுறையில் கூலிக்கு வந்த பதினொன்றாம் வகுப்புப் பையன் தினேஷ். டீயோடு ஆளுக்கொரு புகையிலைப் பொட்டலம் கொடுப்பது என் வழக்கம். தலையை எண்ணினேன், ஏழு வாங்கினேன்.

"எனக்குமா தாத்தா?"

"வேலை செய்யறல்ல? ஆம்பளதானடா, வச்சுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கார்த்திகையில் அவன் பள்ளித் தலைமையாசிரியை என்னை அழைத்தார். வகுப்பில் தினேஷ் உதட்டுக்குள் புகையிலையை அடக்கியிருந்தானாம்.

"முதல்ல யாரு குடுத்தாங்கன்னு கேட்டேன். உங்களைத்தான் சொல்றான், ஐயா."

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். பள்ளியை விட்டு அனுப்பிவிடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சினேன்.

"அனுப்பினா நாள் பூரா இதையேதான் போடுவான். வாராவாரம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக ஆள் வேணும். அவங்கப்பா வெளிநாட்ல இருக்காரு. நீங்க போறீங்களா?"

ஆறு வாரமாகத் தஞ்சாவூருக்குப் போய்வருகிறோம். நேற்று பஸ்ஸில், "விட முடியலயே தாத்தா" என்று அழுதான். சமாதானம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பஸ்ஸும் டீயும் சேர்த்து, அந்த ஏழாவது பொட்டலத்துக்கு இதுவரை எனக்கு ஆன செலவு அறுநூற்று அறுபது ரூபாய்.