ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்

எங்கள் சபையில் ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னால் யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் ஆவியானவரைத் துக்கப்படுத்திவிட்டாய் என்பார்கள். இருபது வருடம் நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. வரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தேவன் மனிதரோடு பேசுவார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அவர் பேசியதாகச் சொல்லி ஒரு பெண்ணின் எட்டு மாதத்தை விழுங்கி ஏப்பம் விட்டார்களே, அவர்கள் மேல்தான் கோபம். அவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இதைப் படிக்கிறவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பெண் என் அண்ணி, என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. ஆம்பூர் பக்கத்தில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். ஒரே ஷூ கம்பெனியில் வேலை. அவள் தையல் மெஷினில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள், நான் கடைசி செக்கிங்கில் நிற்கிறேன். காலையில் ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புவோம். அண்ணிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் அலைந்து எல்லா டெஸ்டும் எடுத்து முடித்திருந்தாள். அடுத்த முறை தூரமானால் இரண்டாம் நாளே வந்துவிடு, அன்றைக்கே ஊசி ஆரம்பித்துவிடலாம், உனக்கு முப்பத்தெட்டு ஆகிறது, இனிமேல் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதே என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த முறை நாள் தள்ளிப்போனது. ஒரு புதன்கிழமை வேனில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, என் காதருகே வந்து சொன்னாள்.

"பதினோரு நாள் ஆவுது. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். உங்கண்ணனுக்குக்கூடத் தெரியாது. ஆசைப்பட்டு அப்புறம் இல்லேன்னு ஆயிடுச்சின்னா என்னால தாங்க முடியாது."

தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலமே பெண்கள் ஜெபக் கூட்டத்தில் எங்கள் பாஸ்டரின் மனைவி பாஸ்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பதினோரு நாள் கணக்கு உட்பட அத்தனையையும் சொன்னேன். "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று முன்னால் ஒரு வார்த்தை போட்டுக்கொண்டேன். எங்களுக்குள் அது ஒரு பழக்கம். அந்த ஒரு வார்த்தையை முன்னால் வைத்துவிட்டால் யார் வீட்டு ரகசியத்தையும் யாரிடமும் சொல்லலாம், அது புறங்கூறுதல் ஆகாது. மருமகள் ஓடிப்போனது, மகன் குடிப்பது, அடுத்த வீட்டுக்காரிக்கு மார்பில் கட்டி வந்தது, எல்லாமே எங்களிடம் ஜெபக்குறிப்பாகத்தான் ஊர் சுற்றும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை, அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டு முடிந்ததும் பாஸ்டர் ஆவியில் நிறைந்து, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் பேச ஆரம்பித்தார். கண் மூடியிருந்தது. பிறகு தமிழுக்கு வந்தார்.

"ஒன்பது வருஷமா கண்ணீர் விடுற ஒரு மகள் இந்த இடத்துல இருக்கா. கர்த்தர் சொல்றார், மகளே, இந்தப் பதினோரு நாளா நீ பயந்து பயந்து எண்ணிக்கிட்டு இருக்கியே, பயப்படாதே. உன் கர்ப்பத்தைத் திறந்துட்டேன். ஆண்பிள்ளை."

சபை முழுக்க அல்லேலூயா. பக்கத்தில் இருந்தவர்கள் அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் இரண்டு கையையும் தூக்கி எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னேன். சொல்லிக்கொண்டே மனதுக்குள் ஒன்று இடறியது. பதினொன்று என்பது புதன்கிழமைக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினைந்து ஆகியிருக்க வேண்டும். தலைமயிரைக்கூட எண்ணி வைத்திருக்கிற கர்த்தருக்கு நான்கு நாள் எப்படிக் குறையும்?

செக்கிங் டேபிளில் என் வேலையே இதுதான். ஒவ்வொரு ஜோடியையும் கையில் எடுத்து, தையல் விலகியிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா என்று பார்ப்பேன். நல்லதென்றால் என் நம்பர் போட்ட ஸ்டிக்கரை உள்ளே ஒட்டுவேன். ஜோடி திரும்பி வந்தால் அந்த நம்பரைப் பார்த்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் சபையில் பாதிப் பேர் கம்பெனிக்காரர்கள்தான். வாரம் ஆறு நாள் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிக்கிற கண்கள், ஏழாம் நாள் இறுக்கி மூடிக்கொள்ளும். தீர்க்கதரிசி பேசினால் மற்றவர்கள் நிதானித்துப் பார்க்க வேண்டும் என்று வேதத்திலேயே இருக்கிறது. எங்களில் ஒருவர்கூட அதைச் செய்ததில்லை. அன்றைக்கு நானும் தப்பு கண்ணில் பட்ட பிறகும் பாஸ் பண்ணினேன்.

சபையிலிருந்து வீட்டுக்கு ரயில்வே கேட் தாண்டி நடந்துதான் வர வேண்டும். அண்ணன் முன்னால் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு போனான். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். உன்கிட்ட சொன்ன அன்னிக்குத்தான் பதினொன்று, இன்றைக்குப் பதினைந்து, நீ யார்கிட்டயாவது சொன்னியா என்று கேட்டாள். அவளும் கணக்குப் பார்த்திருக்கிறாள். தையல்காரி ஆயிற்றே, அவள் கண்ணுக்கு மட்டும் தப்புமா?

"இன்னா அண்ணி இப்படி கேக்குற? நான் யார்கிட்டயும் சொல்லல. கர்த்தருக்குத் தெரியாதது இருக்கா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக அவள் முகம் மலர்ந்தது. நான் இல்லை என்று சொன்னதால், அவள் அதைக் கர்த்தரின் வார்த்தை என்று எடுத்துக்கொண்டாள். நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். நாள் தள்ளிப்போனதை மட்டும்தானே நான் சொன்னேன், ஆண்பிள்ளை என்று சொல்லவில்லையே, அது மேலிருந்து வந்ததாக இருக்கலாமே என்று. மனசாட்சிக்கென்ன, சொன்னால் எதையும் நம்பிவிடும்.

மறுநாள் திங்கட்கிழமை, பத்தரை மணி டீ பிரேக்கில் அண்ணி என் டேபிளுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தூரமாகிவிட்டேன் என்றாள். நாளைக்கு இரண்டாம் நாள், வேலூருக்குப் போக வேண்டும், லீவு சொல்ல வேண்டும் என்றாள். அழவில்லை. அடுத்து செய்ய வேண்டியதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்த தெளிவில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? பாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று சாயங்காலம் அவளையும் அண்ணனையும் அவர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

பாஸ்டர் அசரவே இல்லை. கண்ணால் பார்ப்பதை நம்பாதே, அது எதிரி காட்டும் பொய் அடையாளம் என்றார். கர்த்தர் திறந்தேன் என்று சொன்ன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்பது கர்த்தரைப் பொய்யர் என்று சொல்வதற்குச் சமம் என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். அவனுக்கு ஆண்பிள்ளை என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து வேறெதுவும் விழவில்லை. அண்ணி என்னைப் பார்த்தாள். நான் பாஸ்டரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வேலூர் பஸ் அவள் இல்லாமல் போனது.

அடுத்த ஞாயிறு அவளை முன்னால் நிறுத்தி சாட்சி சொல்ல வைத்தார்கள். கிடைக்காததைக் கிடைத்துவிட்டது என்று நன்றி சொல்வதற்கு விசுவாச சாட்சி என்று பெயர். தூரமாகி ஏழாம் நாள் நின்றுகொண்டு, பிள்ளை கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று சொன்னாள். அதற்குப் பிறகு கம்பெனியில் அவளுக்கு நிம்மதியே இல்லை. லைனில் ஒருத்தி புளிப்பு மாங்காய் கொண்டுவந்தாள். ஒருத்தி எத்தனாவது மாசம் என்று விரல் விட்டு எண்ணினாள். சூப்பர்வைசர் நல்லெண்ணத்தில் ஸ்டூலை மாற்றிக் கொடுத்தார். மாதாமாதம் பாத்ரூமில் துணியை ஒளித்துக்கொண்டு வெளியே வந்து, இந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் நாள் வந்தது, போனது. நான் செக்கிங் டேபிளில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே ஷூவுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன்.

ஏழு மாதம் ஓடியது. வயிறு பெரிதாகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சபையில் முணுமுணுப்பு எழுந்ததும் பாஸ்டருக்கு இன்னொரு வெளிப்பாடு வந்தது. கர்த்தர் கொடுத்தார், ஆனால் அந்த வீட்டுக்குள் இருந்த அவிசுவாசம் அதைத் தட்டிப் பறித்துவிட்டது, சந்தேகப்பட்டவள் சபைக்கு முன்னால் பாவ அறிக்கை செய்தால் தடை நீங்கும் என்றார். இதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் காலத்துத் தீர்க்கதரிசிகள் ராஜாவின் முகத்துக்கு நேரே நின்று, தப்பு செய்த அந்த மனுஷன் நீதான் என்றார்கள். எங்கள் பாஸ்டருக்கு எந்த முதலாளியைப் பற்றியும் இதுவரை ஒரு வெளிப்பாடும் வந்ததில்லை. பாத்ரூமுக்குப் போக சூப்பர்வைசரிடம் கைகட்டி நிற்கிற பெண்களைப் பற்றி அவருடைய கர்த்தர் வாயே திறந்ததில்லை. மெஷினில் குனிந்து முதுகு வளைந்துபோன ஒரு பிள்ளையில்லாதவள்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தாள்.

அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். அறிக்கை செய்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்றான். அவளும் சரி என்றாள். இல்லாத பிள்ளையைத் தன் சந்தேகத்தால் தானே கொன்றுவிட்டதாக நூறு பேருக்கு முன்னால் சொல்லத் தயாராகிவிட்டாள். அதை அவள் உண்மையாகவே நம்பவும் ஆரம்பித்திருந்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிறு பாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழப்போனாள். அவளுக்கு முன்னால் நான் எழுந்தேன்.

"பதினோரு நாள்னு பாஸ்டரம்மாகிட்ட சொன்னது நான்தான். புதன்கிழமை சொன்னேன். ஞாயித்துக்கிழமைக்குப் பதினஞ்சு நாள். கர்த்தர் சொல்லியிருந்தா பதினஞ்சுன்னு சொல்லியிருப்பார். இந்தப் பொம்பளைமேல எந்தத் தப்பும் இல்ல."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டரம்மா குனிந்து வேதப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். பாஸ்டர் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார். அப்புறம் பாருங்கள், சிரித்தார். ஆவியானவர் மனுஷர் மூலமாகவும் காரியங்களை அறிவிப்பார் சகோதரி, உட்காருங்கள் என்றார். அடப்பாவி! நான் உளறியதையும் ஆவியானவர் கணக்கில் எழுதிவிட்டார். அதற்கும் இரண்டு மூன்று பேர் ஆமென் சொன்னார்கள். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தனியாகத்தான் போனாள். அங்கே என்ன சொன்னார்கள் என்று எழுத அவள் என்னை விடவில்லை. மற்றதை அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எழுதிக்கோ, ஆனால் ஜெபத்துக்காக எழுதுறேன்னு மட்டும் சொல்லாதே என்றாள். நான் இப்போது வேறொரு சிறிய சபைக்குப் போகிறேன். அங்கேயும் சிலர் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறேன். ஆமென் என் வாயிலிருந்து அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

சபையில் நான் எழுந்து சொன்ன அன்றைக்கு, ரயில்வே கேட் பக்கத்தில் அவளை எட்டிப் பிடித்தேன். கேட் மூடியிருந்தது. மன்னிச்சிடு அண்ணி என்றேன். பாஸ்டரைத் திட்டினேன், அவர் மனைவியைத் திட்டினேன், அண்ணனைத் திட்டினேன். அவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நான் முடிக்கும்வரை நின்றாள்.

"அவங்களை வுடு. இதே இடத்துல உன்னைக் கேட்டேன் இல்ல, யார்கிட்டயாவது சொன்னியான்னு?"

"கேட்ட."

"சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, செவ்வாய்க்கிழமை நான் வேலூருக்குப் போயிருப்பேன்."

கேட் திறந்தது. அவள் எனக்கு முன்னால் நடந்து போனாள்.