குளிர்க்காற்று வராத கார்

எங்கள் கிராமத்துத் தெருவில் கார் வந்தால் நாய்கள் எழுந்து வழிவிடும். என் தங்கை கணவர் செல்வத்தின் கார் வந்தபோது ஒரு நாயும் அசையவில்லை. மின்சாரக் கார், சத்தமே கிடையாது. செல்வம் இறங்கிப் போய்க் கையைத் தட்டி நாயை எழுப்பிவிட்டு மறுபடி வந்து ஏறினார். நார்வேயில் நானும் இப்படியொரு காரைத்தான் ஓட்டுகிறேன். அங்கே அந்த மௌனம் பனியின் மௌனத்தோடு கலந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மதுரை வெயிலில் அது கனவில் வரும் வாகனம் போல இருந்தது.

அன்று அப்பாவை மதுரை மருத்துவமனையிலிருந்து ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். இதயத்தில் அடைப்பு நீக்கியிருந்தார்கள். முதலில் அடுத்தவர் வயலிலும் பிறகு தன் வயலிலுமாக, ஆயுள் முழுக்க வெயிலில் நின்ற மனிதர். “கொஞ்ச நாளைக்கு வெயில் படாம பாத்துக்கங்க” என்று டாக்டர் சொன்னதும், ஏதோ நெருங்கிய சொந்தத்தைப் பார்க்கக் கூடாது என்று சொன்னதுபோல அவர் முகம் சுருங்கியது.

காளவாசலில் அவசரமாகச் சார்ஜ் ஏற்றிய கையோடு அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். ஏசியில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. “கொஞ்ச நேரத்துல சில்லுன்னு ஆயிரும் மச்சான்” என்றார் செல்வம். திருப்பரங்குன்றம் தாண்டியும் இட்லிக் கொப்பரையைத் திறந்தாற்போலத்தான் முகத்தில் அடித்தது. கண்ணாடியை இறக்கினால் அதைவிடச் சூடு. தூரத்துத் தார்ச்சாலையில் தண்ணீர் தேங்கியிருப்பதாகத் தெரிந்தது, பக்கத்தில் போனால் இல்லை. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா கண்களை மூடியிருந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

“அப்பா, நெஞ்சு எதுவும் வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்லப்பா. கெறக்கமா இருக்கு.”

வண்டியை நிறுத்தச் சொன்னேன். செல்வம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார். தண்ணீர் கொடுத்து, துண்டை நனைத்து அப்பாவின் கழுத்தில் போட்டேன். செல்வம் கார் கம்பெனிக்குப் போன் செய்தார். “ஏசியில அனலா வருதுங்க.” “ஹீட்டர் ஆன்ல இருக்கா சார்?” என்று கேட்டது ஒரு பெண் குரல். “மதுரையில எவம்மா ஹீட்டர் போடுவான்!” என்று செல்வம் கத்த, அப்பா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

நார்வேயில் என் முதல் குளிர்காலம் நினைவுக்கு வந்தது. ஒரு காலையில் என் கார் உள்ளே சூடாகவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் அரைகுறை மொழியில் சொன்னேன். அவர் “தே கோர் ப்ரா” என்றார். ‘பரவாயில்லை, சரியாகிவிடும்’ என்பது அதன் பொருள். நானோ சொல்லுக்குச் சொல் ‘நன்றாகப் போகும்’ என்று புரிந்துகொண்டு கிளம்பிவிட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. மாலையில் அவர் சிரித்துச் சிரித்து விளக்கினார்: இந்த வண்டி முதலில் தன் பேட்டரியைத்தான் கவனிக்கும், மிச்சம்தான் மனிதருக்கு.

அங்கே சூடு என்றால் இங்கே குளிர். அவசரச் சார்ஜில் பேட்டரி கொதித்திருக்க வேண்டும். கார் நின்றுகொண்டிருந்தாலும் முன்பக்க மின்விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. உருவாகும் குளிரையெல்லாம் பேட்டரியே குடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட்டேன்.

“மாப்ள, வண்டியை இப்பிடியே நெழல்ல விடுங்க. ஓட்ட வேணாம்” என்றேன்.

இருவரும் காரின் முன்னால் குனிந்து பார்த்தோம். காற்று நுழையும் கம்பிச் சல்லடை முழுக்க வைக்கோல். வழியில் களத்துமேடு இல்லாதவர்கள் ரோட்டிலேயே கதிரைப் போட்டிருப்பார்கள், அதன்மேல்தான் செல்வம் தினமும் போய்வருகிறார். “இம்புட்டா!” என்று வியந்துகொண்டே அவர் பிடுங்கினார். கைக்கெட்டியதை நானும் எடுத்தேன். ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் மட்டும் இருவரும் போகவில்லை, அதில் ஓடும் மின்சாரம் ஆளைக் கொல்லும். வேப்பங்காற்றோ புளியங்காற்றோ, மெல்ல வீசியது. நேரம் நின்றுவிட்டாற்போல இருந்தது.

மின்விசிறியின் இரைச்சல் மெதுவாகத் தணிந்தது. உள்ளே போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் வெதுவெதுப்பு, அப்புறம் ஈரமண் போன்ற ஒரு தண்மை, பிறகு நிஜக் குளிர். அப்பாவின் முகம் தெளிந்தது. காற்று வரும் துவாரத்துக்கு நேராக உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.

“உங்க ஊர்க் குளிரு இப்பிடித்தான் இருக்குமாப்பா?”

உங்க ஊர். நான் பிறந்து வளர்ந்த ஊருக்குப் போகும் சாலையில் வைத்து என் அப்பா என்னிடம் கேட்கிறார். அங்கே குளிர் இப்படி வருடாது, கடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஆமாப்பா, இப்பிடித்தான்.”

“அப்ப நல்ல ஊருதான்” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

வீட்டு வாசலில் கார் நின்றபோது அப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தங்கை ஓடிவந்தாள். கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தேன். மண் சுட்டது. இன்னொரு கால் உள்ளே, குளிரில். என் தோளில் அவர் தலை இருந்தது. இறங்கினால் எழுந்துவிடுவார், கதவைச் சாத்தினால், அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று தங்கை கேட்பதற்குப் பதில் சொல்ல முடியாது. பாதி வெயிலும் பாதி பனியுமாக, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.