நீங்களே பாத்துக் குடுங்க

எழுதிப் பிழைக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு வாயில் வராத சொல் ஒன்றே ஒன்றுதான்: என் கூலி. "எவ்ளோ சார் ஆகும்?" என்று யாராவது கேட்டால் போதும், முகமெல்லாம் பல்லாக, "நீங்களே பாத்துக் குடுங்க" என்பேன். அவர்களும் பார்ப்பார்கள். என் செருப்பைப் பார்ப்பார்கள், பஸ்ஸில் கசங்கிய சட்டையைப் பார்ப்பார்கள், அதற்கு ஏற்றபடி கொடுப்பார்கள். ஒரு கல்யாண மண்டபக்காரர் நன்றாகப் பார்த்துவிட்டுப் பொன்னாடை போர்த்தினார்.

முடிச்சூரில் மனை விற்பவருக்கு விளம்பரப் புத்தகம் எழுதி முடித்திருந்தேன். பணம் பேசக் கிளம்பிய அன்று என் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர், வீட்டிலும் அதேதான்.

"ரெண்டு வாரம் உக்காந்து எழுதியிருக்கீங்க. இருபதாயிரம்னு வாயைத் தொறந்து சொல்லுங்க. பாத்துக் குடுங்கன்னு சொன்னீங்கன்னா, இந்த மாச வாடகையை நீங்களே பாத்துக் குடுங்க."

கீழ்க்கட்டளையில் பஸ் ஏறியதிலிருந்து இருபதாயிரம், இருபதாயிரம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வேலை ஒன்றும் லேசுப்பட்டதல்ல. மனைக்காரர் முதலில் செல்போனில் இருக்கும் ஏ.ஐ.யிடம்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். அதுவும் காசு கேட்காமல் எழுதிக் கொடுத்தது: 'நீர் சூழ்ந்த இயற்கையில் உங்கள் கனவு இல்லம்.' முடிச்சூரில்! வெள்ளத்தின்போது ஊரே மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த இடத்தில்! அதைப் படித்த ஒருவர், "படகும் சேத்துத் தருவீங்களா?" என்று கேட்டாராம். அதன் பிறகே மனைக்காரர் என்னைத் தேடினார். மனை மேட்டில்தான் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். ஆறு பக்கம் எழுதினேன். ஏரி இல்லை, ஆறு இல்லை, 'மகிழ்ச்சி வெள்ளம்'கூட இல்லை. கர்வமாகத்தான் இருந்தது.

"சூப்பரா கீது சார். தண்ணின்ற பேச்சே இல்ல" என்றார் மனைக்காரர். அவர் அப்பா நெல் போட்ட நிலத்தில்தான் அந்த ஆபீஸ் இருந்தது. "எவ்ளோ சார்?" என்று கேட்டுவிட்டுச் செல்போனை எடுத்துக் குனிந்துகொண்டார்.

வாயில் கொழுக்கட்டை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "இருபதாயிரம்" என்றேன். சொல்லியேவிட்டேன்!

அவர் குனிந்த தலை நிமிரவில்லை. அதிகமாகக் கேட்டுவிட்டோமோ என்று எனக்கு வியர்த்தது.

"பதினஞ்சுன்னாலும் ஓகேதாண்ணா."

அவர் கட்டைவிரல் செல்போனில் மேலே போனது.

"ஆறு பக்கம்தானே, பன்னண்டு போதும்."

கட்டைவிரல் கீழே வந்தது.

"நமக்குள்ள என்னண்ணா, எட்டு குடுங்க."

எதிராளியே இல்லாமல் பேரம் பேசித் தோற்றவன் தாம்பரம் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் நிமிர்ந்தார். இரண்டு காதிலிருந்தும் குட்டியாக, வெள்ளையாக எதையோ உருவி எடுத்தார்.

"சாரி சார், மச்சான் வாய்ஸ் மெசேஜா அனுப்பிக்கினே கீறான். பேஜாரு. இன்னா சொன்னீங்க? ஒண்ணுமே காதுல வுழல."

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இருபது என்று சொன்னால் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அழுகை வருவதுபோல் இருந்தது.

"எட்டாயிரம்" என்றேன். இந்த முறை குரல் நடுங்கவே இல்லை.