மாப்பிள்ளையின் நெற்றி

கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் மூக்கு நுனியை வளைத்து வரும்போது ஷாமளா மூச்சு விடுவதில்லை. பலகையின் மேல் டிஜிட்டல் பேனா ஊர்ந்துபோகும். திரையில் முகத்தின் மேல் ஒரு சிவப்புப் படலம் விரியும். அதற்கு மாஸ்க் என்று பெயர். அந்தச் சிவப்புக்குள் அகப்பட்ட இடத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பக்கத்தில் நிற்கும் மாமியாருக்கு ஒன்றும் ஆகாது.

சிங்கப்பூருக்கு இக்கரையில் உள்ள கெலாங் பாத்தாவில், கடை வரிசையின் மாடியில் இருக்கிறது அவள் ஸ்டூடியோ. கணினியே முகத்தைக் கண்டுபிடித்து மாஸ்க் போடும் வசதி வந்து வெகுநாளாகிறது. ஷாமளா அதைத் தொடமாட்டாள். "அது ஜிமிக்கியையும் காதுன்னு நெனச்சுக்கும் லா. கையால வரைஞ்சாதான் எனக்குத் தூக்கம் வரும்." ஒவ்வொரு மாஸ்க்குக்கும் பெயர் வேறு வைப்பாள்: 'தாய்மாமன் வழுக்கை', 'சின்ன அத்தை கன்னம்'. சந்தையிலும் கண் சும்மா இருக்காது. மீன்காரரைப் பார்த்து, "அண்ணே, கண்ணுக்குக் கீழ கொஞ்சம் லைட் ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு, அவர் முழிப்பதைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

போன வாரம் கவினும் மலரும் வந்தபோது அவள் திரையில் பெருமையாகத் திறந்து காட்டியது அவர்கள் கல்யாண ஆல்பம். கவின் தினமும் மோட்டார் சைக்கிளில் செகண்ட் லிங்க் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். ஹெல்மெட் மறைத்த நெற்றி ஒரு நிறம், வெயில் பட்ட முகம் ஒரு நிறம். நடுவே அளவுகோல் வைத்த மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டைப் படத்துக்குப் படம் மாஸ்க் வரைந்து ஷாமளா காணாமல் அடித்திருந்தாள். முதுகு விட்டுப்போன வேலை.

மலர் திரையையே பார்த்தாள். "அக்கா, இது யாரு?"

"அலமாக்! உங்க வீட்டுக்காரரும்மா."

"அவரு நெத்தியில கோடு இருக்குமே. பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு வேலை முடிஞ்சு நேரா மோட்டார்லதான் வந்தாரு. அந்தக் கோட்டைப் பார்த்துட்டுத்தான் நான் சரின்னேன்."

"நல்லாத்தானே லா இருக்கு, விடு" என்றான் பின்னால் நின்ற கவின். புது முகம் அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது.

"நல்லாத்தான் இருக்காரு. ஆனா இந்த ஆளை எனக்குத் தெரியாது. இவர்கூட எனக்கு ஆல்பம் வேணாம்."

ஷாமளாவுக்குச் சுருக்கென்றது. தான் செய்ததிலேயே உருப்படியானது என்று நினைத்த வேலையை ஒரு பெண் வேண்டாம் என்கிறாள். கோபம்கூட வந்தது. மாஸ்க்கை மொத்தமாக எடுத்துவிடலாம்; எடுத்தால் அதே மாஸ்க்கில் மறைத்திருந்த, வீடியோ விளக்கு அடித்த எண்ணெய்ப் பளபளப்பும் சேர்ந்து திரும்பிவிடும். கோடு மட்டும் வர வேண்டும்.

"தம்பி, இப்படி வந்து உக்காருங்க."

திரைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவன் முன்மயிரைப் பேனா நுனியால் ஒதுக்கி, நெற்றியை ஒரு காதிலிருந்து மறு காது வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு பேனாவைத் தலைகீழாகத் திருப்பி, கோட்டை மூடிய சிவப்பை மட்டும் எடுக்க, அழிக்கும் முனையைப் பலகையில் வைத்தாள்.