பொரி கலக்கிய கை

எனக்கு வந்த முதல் அறிகுறியை நான் வெல்லத்தோடு சேர்த்து விழுங்கினேன். ஓசூரில் ஒரு வார்ப்பாலையில் வேலை. அச்சிலிருந்து வரும் இரும்புப் பாகங்களின் பிசிறை கிரைண்டரில் தேய்த்து எடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி தருவார்கள். தொண்டைத் தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் செக்‌ஷனில் அசைக்க முடியாத நம்பிக்கை. இருமல் வந்தது, இன்னொரு கட்டி கேட்டு வாங்கினேன். இருமல் போகவில்லை, மட்டமான வெல்லம் வாங்குகிறார்கள் என்று கம்பெனியைத் திட்டினேன்.

சாயங்காலக் காய்ச்சல் வந்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அப்போதும் நான் அசையவில்லை. கடைசியில் துண்டில் ரத்தம் பட்டது. என் மனைவி லட்சுமி அதைப் பார்த்தாள். வேறு சேலை கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்பருந்து இருமல்?"

"மழைக்காலத்துலருந்துங்க. வெல்லம் சாப்ட்டா போயிரும்னு இருந்துட்டேன்."

"வெல்லம் வயித்துக்குப் போகும். உங்களுக்கு ஓட்டை நுரையீரல்ல இருக்குது."

காசநோய் (கிருமி நுரையீரலை அரிக்கும் நோய், ஊரில் டிபி என்பார்கள்). ஸ்ட்ரெப்டோமைசின் (இடுப்பில் போடும் ஊசி) தினமும். கூடவே ரிஃபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் மாத்திரை). அது சிறுநீரைச் சிவப்பாக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் நாள் காலையில் கதை முடிந்தது என்றே நினைத்தேன். நீங்கள் அப்படிப் பயப்பட வேண்டாம். மருந்து வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

காவேரிப்பட்டினத்திலிருந்து அண்ணன் பார்க்க வந்தார். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஏற்பாடு செய்தது அவர்தான். நான் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். லட்சுமியிடம் மெதுவாகச் சொன்னார்: "இவனுக்குப் பின்னாடி என்னன்னு கவலப்படாதம்மா. புள்ளயக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துரு."

"அண்ணே," என்றேன், "நான் இன்னும் இங்கதான் இருக்கறேன்."

அவர் பேச்சை மழைக்கு மாற்றினார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. சாவைக் கண்டு எனக்குப் பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மூச்சு இருக்கும்போதே என்னைக் கழித்துக் கட்டுகிறார்களே என்ற கோபம் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அந்தக் கோபத்தில்தான் ஒரு வேளை மாத்திரையைக்கூட நான் விடவில்லை. உடம்பு தேறிவிட்டது போலத் தோன்றும்போதுதான் நிறுத்தவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலையில் பசித்தது. வெறும் பசி. ராகிக் களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு இன்னோர் உருண்டை கேட்டேன். லட்சுமி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் களியைக் கிளறினாள். சந்தோஷம் என்பதற்கு அதற்குமேல் எனக்கு விளக்கம் தெரியாது.

சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. இனி உங்களிடமிருந்து யாருக்கும் பரவாது, ஆனால் மாத்திரையை முடிக்க வேண்டும், கிரைண்டர் பக்கம் போகவே கூடாது என்றார் டாக்டரம்மா. தனித் தட்டு மட்டும் வீட்டில் அப்படியே இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்ததும், பொரி, பொட்டுக்கடலை, தூள் வெல்லத்தைத் துணியில் கொட்டிக் கையால் கலந்து எல்லோருக்கும் அள்ளித் தர வேண்டும். எங்கள் செக்‌ஷனில் வருஷா வருஷம் அது என் வேலை. லீவில் இருந்தாலும் கிளம்பினேன்.

"யாரும் வாங்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள் லட்சுமி.

"நானே திங்கறேன்."

பக்கத்து கிரைண்டர்க்காரன் பசவராஜ் பொரி முன்னால் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். எல்லோரும் பார்க்கக் கையைக் கழுவினேன். "சளியில கிருமி இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நம்பறவன் வாங்கிக்கோ, நம்பாதவனுக்குப் பூஜை முடிஞ்சுது, கெளம்பு" என்று சொல்லிவிட்டுக் கலக்கினேன்.

சூப்பர்வைசர் தனக்குச் சுகர் என்று ஒதுங்கினார். ஒருவன் காகிதத்தில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். பசவராஜ் இரண்டு கையையும் நீட்டினான்.

"கொடப்பா. எனக்கு வெல்லம் கம்மியாப் போடு. அதுதானே உன்னக் கெடுத்துச்சு."

வாய் நிறையப் போட்டு மென்றவனுக்கு இருமல் வந்துவிட்டது. எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். "பொரித் தூள்டா" என்றான் மூச்சுத் திணறி. அப்புறம் சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. சிரித்தவர்களில் பலர் வாங்கினார்கள். எல்லோரும் வாங்கவில்லை.

மிச்சத்தை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"எத்தன பேர் வாங்குனாங்க?"

"பாதிப் பேரு."

லட்சுமி என் தனித் தட்டை எடுத்து வந்து பொரியை அதில் கொட்டினாள். எதிரே உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "வாங்காதவங்க பங்கு எனக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது அதே கம்பெனியின் ஸ்டோரில் வேலை. படியேறினால் பாதியில் மூச்சு வாங்கும். நின்றுகொள்கிறேன். முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்து ஆலைச் சங்கு ஊதினால் ஒரு நாள் போனது என்று நினைப்பேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் ஒரு நாள் கிடைத்தது என்று தோன்றுகிறது.

சாகும் நாள் எனக்கும் உண்டு. அது வருகிறபோது வரட்டும். அதற்கு முன்னால் என்னை வழியனுப்ப வருகிறவர்கள் உட்காருங்கள், சாப்பிட்டுவிட்டு வருகிறேன். இன்றைக்குக் களி. எனக்கு இரண்டு உருண்டை.