டோக்கன் வரிசையை நான் அடுக்கிய காலை

திருப்பூரில் போன் போட்டு நம்பர் வாங்க வேண்டும். எர்ணாகுளத்தில் நான் இறால் உரித்த கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. கையை உள்ளே விட்டால் சீட்டு வரும். ஓசூரில் யார் தோள் பலமோ அவருக்கு முதல் நம்பர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பல ஊர் பிழைக்கப் போனதில், டாக்டரைப் பார்க்கும் வழி ஊருக்கு ஊர் வேறு என்பதை மட்டும் நன்றாகப் படித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அந்த வழி செருப்பாக இருந்தது.

குஜிலியம்பாறைப் பக்கம் மழையை நம்பி விதைக்கும் ஊர் எங்களுடையது. அரை மணி நேரத் தொலைவில் ஒரு டாக்டர் இருந்தார். ஒன்பது மணிக்கு நர்ஸ் அக்கா ஷட்டரைத் திறந்து முப்பது டோக்கன் கொடுப்பார். மதியம் டாக்டர் வேறு ஊருக்குப் போய்விடுவார். அதனால் விடியும் முன்பே ஜனங்கள் வந்து, ஷட்டரிலிருந்து தொடங்கி ஆளுக்கொரு பொருளை வரிசையாக வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். செருப்பு, தண்ணீர் பாட்டில், மஞ்சள் பை, ஹெல்மெட், செங்கல். பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே ஆள் நிற்பதாகக் கணக்கு. காவல் கிடையாது. யாரும் தொட மாட்டார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா நூல்மில்லில் வேலை பார்த்தாள். சில மாதங்களாக மில் வேனில் ஏறும்போதே மூச்சு வாங்கினாள். சாயங்காலமானால் பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மறையாமல் கிடக்கும். அப்பா அப்போது கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். அம்மாவை டாக்டரிடம் அனுப்ப மாமாதான் சண்டை போட்டார். அம்மாவின் தம்பி.

"பெரியவ போன மாதிரி நீயும் போகப் போறியாக்கா?"

"அவ ஆஸ்பத்திரிக்குப் போனதாலதான்டா போனா. வீட்டுல இருந்திருந்தா இருந்திருப்பா."

பெரியம்மா அதற்கு முந்தின வருஷம் இதே மாதிரி வீங்கின காலோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போனவள், உயிரோடு திரும்பவில்லை. கடைசியில் மாமா வென்றார். ஒரு நாள் விடிகாலையில் என் தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, எங்கள் இருவரையும் தன் மொபெட்டில் ஏற்றிவந்து கிளினிக் வாசலில் இறக்கிவிட்டார். "மருமகளே, உங்கம்மா டாக்டரப் பாக்காம பஸ் ஏறுனா நீதான் பொறுப்பு. பத்து மணிக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனார்.

எங்கள் ஒயர் கூடை பன்னிரண்டாவதாக இருந்தது. பின்னால் வந்த ஒருத்தியிடம் அம்மா, "கைப்பிள்ள வச்சிருக்கீங்க, முன்னாடி வைங்க" என்றாள். அடுத்து ஒரு கிழவர். அடுத்து பள்ளிக்கூடம் போகிற பையனின் அப்பா. பிறகு காரணமே இல்லாமல் பலர். ஒவ்வொரு தடவையும் கூடையை எடுத்துப் பின்னால் வைத்தது நான்தான். கடைசியில் எண்ணிப் பார்த்தேன். எங்கள் கூடை முப்பத்தி நாலாவது. அம்மா பக்கத்து உரக்கடைப் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் அம்மா எவ்வளவு நல்லவள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்குப் பொழுது போகவில்லை. அந்த வாரம்தான் பள்ளியில் டீச்சர் புளியங்கொட்டை, பொத்தான், கூழாங்கல் எல்லாவற்றையும் கலந்து கொட்டி இனம் பிரிக்கச் சொல்லியிருந்தார். நான்தான் முதலில் முடித்தேன். இப்போது கண் முன்னால் ஒரு முழு வாசல் கலைந்து கிடந்தது. செருப்புகளை ஜோடி சேர்த்து ஒரு வரிசை வைத்தேன். பாட்டில்களை உயரப்படி நிறுத்தினேன். பைகளை மடித்தேன். செங்கல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஒயர் கூடை மட்டும் எந்த இனத்திலும் சேராமல் தனியாக நின்றது.

ஒன்பது மணிக்கு டீக்கடையிலிருந்து வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏலே, இது என்னடா கல்யாண வீட்டு வாசலா? எவன்டா செருப்ப அடுக்குனது?"

"நான்தான்" என்றேன். பாராட்டுவார்கள் என்று நினைத்தேன்.

அதன்பின் நடந்த சண்டையில் ஐந்து பேர் தாங்கள்தான் முதலில் வந்ததாகச் சொன்னார்கள். முப்பதாவதாக வந்தவர் ஒருவர்கூட இல்லை. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு, "வா, இன்னைக்கு நடக்காது, பஸ் போயிரும்" என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அவ்வளவு நேரம் வாங்கிய மூச்சுகூடக் கொஞ்சம் லேசானது போல இருந்தது.

அதற்குள் நர்ஸ் அக்கா வந்துவிட்டார். செங்கல் கோபுரத்தைச் சற்று நேரம் பார்த்தார். "சரி, எல்லாரும் உக்காருங்க. யாருக்கு என்னன்னு கேட்டு நானே நம்பர் போடுறேன்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு ஆளாளாய்க் கேட்டு வந்தார். நாங்கள் ரோட்டில் இறங்கியிருந்தோம்.

"நீலச் சேலை அக்கா, எங்க போறீங்க? உங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, சும்மா அசதி. ரெண்டு நாளா."

"தீபாவளியிலேருந்து" என்றேன் நான். மாமா என்னைப் பொறுப்பாக்கியிருந்தார் அல்லவா.

நர்ஸ் அக்கா குனிந்து அம்மாவின் காலில் விரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

"நீங்கதான் ஒண்ணாம் நம்பர்."

"நான் நாலு மணிக்கே செங்கல் வச்சவன்" என்று ஒருவர் எழுந்தார்.

"உங்களுக்கு என்னண்ணே?"

"கால் ஆணி."

"ஆணி எங்கயும் ஓடிப்போகாது. செத்த நேரம் உக்காருங்க."

அவர் முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். அம்மாவுக்கு நாற்காலி இல்லை என்றதும் அவரே எழுந்து தன்னுடையதை நகர்த்திப் போட்டார்.

உடம்பில் ரத்தமே இல்லை, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். உடனே கடிதம் எழுதித் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். பத்து மணிக்கு வந்த மாமா ஆட்டோ பிடித்தார்.

செருப்பு வரிசை அதன்பிறகும் சில மாதம் இருந்ததாகக் கேள்வி. ஆனால் ஷட்டரைத் திறந்ததும் நர்ஸ் அக்கா முதலில் ஆளாளாய்க் கேட்டுவிட்டுத்தான் டோக்கன் கொடுத்தார்.

திண்டுக்கல் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாள். ரேஷன் கார்டு டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கிறது. உன் தம்பிக்குக் கத்தரிக்காய் வெஞ்சனம் வைத்தால் வாய் அரிக்கும். தலையை நீயே பின்னிக்கொள்ளப் பழகு, மூன்று கால் எடுத்து இறுக்கிப் போட வேண்டும். அப்பா போன் பண்ணினால் முதலில் சாப்பிட்டாரா என்று கேள். முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

காலையில் அடி வாங்கிய முதுகு வலித்ததால் எனக்கு எரிச்சல். "நீயே வந்து பண்ணு" என்று சொல்லிவிட்டு ரோட்டோரத்து மில் போர்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தேன்.

மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பதினோராம் நாள் அம்மா தன் காலால் நடந்து வந்து வீட்டுப் பூட்டைத் திறந்தாள். அன்று சாயங்காலம் எனக்குத் தலை பின்னிவிட்டபோது, "நான் சொன்னது எதாச்சும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றேன். அவள் ஏன் அவ்வளவு நேரம் சிரித்தாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.